கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கு

அன்புள்ள தங்கச்சி,

படுத்தால் தூக்கம் வருவதில்லை, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதில் தொடங்கி அடுத்த மாத வேலை வரைக்கும் தலைக்குள் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். கேட்டால் எல்லோரும் "எதையும் மனசுல போட்டுக்காதே" என்கிறார்களாம். அக்கறையில் சொல்கிறார்கள், சரி. ஆனால் அது நினைத்தவுடன் செய்துவிடக்கூடிய காரியமா?

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதை 1987-இல் சோதித்துப் பார்த்திருக்கிறார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், வேறு எது தோன்றினாலும் 5 நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று சிலரிடம் சொன்னார். கரடி நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும். அடக்க அடக்கக் கரடி வந்துகொண்டேதான் இருந்தது. அப்புறம் "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்றபோது, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் அது அதிகம் வந்தது.

அதனால் கவலையைத் துரத்தாதே, தள்ளிப்போடு. தாமஸ் போர்க்கோவெக் என்ற இன்னொரு உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1983-இல் சொன்ன வழி இது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் ஏதாவது தோன்றினால் ஒரு வரி குறித்துவைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். கவலைப்படக்கூட டைம்டேபிளா என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுச் செய்து பார். இடத்தை மட்டும் படுக்கையில் வைத்துக்கொள்ளாதே. தினமும் அங்கேயே படுத்துக் கவலைப்பட்டால், தலையணையில் தலை வைத்ததும் யோசிக்கத் தொடங்க வேண்டும் என்று மனம் பழகிவிடும். உனக்கு நடந்திருப்பதும் அநேகமாக அதுதான். படுக்கப்போகும் நேரத்துக்கு வெகு முன்பாகவே அந்த அரை மணியை முடித்துவிடு.

உட்காரும்போது காகிதத்தில் எழுது. போன் வேண்டாம்; அதைத் திறந்தால் நீ எங்கே போய் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நாளைக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று பார். உண்டென்றால் அதை எழுது. இல்லாதவை இல்லாதவையாகவே இருக்கட்டும், விடை கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று மல்லுக்கட்டாதே. காலையில் பெரிதாகத் தெரிந்தவற்றில் சில, அந்த நேரம் வருவதற்குள் தாமாகவே சப்பென்று போயிருக்கும். ஆனால் உட்காருவதாகச் சொன்ன நேரத்தில் கட்டாயம் உட்கார். இரண்டு நாள் ஏமாற்றினால், "அப்புறம் பார்க்கலாம்" என்று நீ சொல்வதை மனம் நம்பாது.

சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். குடித்து 5 மணி நேரம் ஆன பிறகும், அதிலிருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும் காஃபினில் ஏறக்குறைய பாதியளவு உடம்பில் இருக்கும்.

இதெல்லாம் அன்றாடக் கவலைக்குத்தான். 2 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே கிடந்தால், பிடித்ததில்கூட நாட்டம் போய்விட்டால், சாப்பாடும் தூக்கமும் தாறுமாறானால், நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பார். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் 2 வாரம் காத்திருக்காதே, அன்றைக்கே பார். எனக்கும் சொல், எந்த நேரமானாலும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நோட்டில் என்ன எழுதினாய் என்று கேட்க மாட்டேன், உட்கார்ந்தாயா என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
அண்ணன்