அது வீடே இல்லை, ஐயா

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பிரான்ஸ் சுற்றுலாக் கட்டுரையில் ஓத்ரீவ் என்ற ஊருக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, அதுவும் "கிறுக்குத் தபால்காரர் கட்டிய விசித்திர வீடு" என்று. முதலில், அது வீடே இல்லை, அதில் யாரும் குடியிருந்ததும் இல்லை; "இலட்சிய அரண்மனை" (Palais idéal) என்று பெயர்பெற்ற கல் கட்டடம் அது. கட்டியவர் பெயர் ஃபெர்டினான் ஷெவால், அந்தப் பெயரைப் போடக்கூட உங்கள் கட்டுரையாளருக்கு இடமில்லாமல் போய்விட்டது!

லியோனுக்குத் தெற்கே, த்ரோம் மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. ஷெவால் தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்து கடிதம் கொடுத்தவர். 1879இல், 43 வயதில், வழியில் ஒரு கல் காலில் இடறியது. அதன் வடிவம் பிடித்துப்போய்ப் பையில் போட்டுக்கொண்டார், மறுநாள் அதே இடத்துக்குப் போய் இன்னும் பொறுக்கினார், அப்புறம் கூடை, அப்புறம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி என்று 33 வருஷம் ஓடிவிட்டது. பகலில் தபால் வேலை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கட்டட வேலை. கொத்தனார் வேலை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சுண்ணாம்பு, சிமென்ட், கம்பி இவற்றை வைத்துத் தானே பழகிக்கொண்டார். அந்தக் கட்டடம் 26 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. கிழக்குப் பக்கம் சீசர், அவரை எதிர்த்த கால் இனத் தலைவர் வெர்சாஞ்செதோரிக்ஸ், கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் என்று மூன்று நெட்டைச் சிலைகள். மேற்குச் சுவரில் மசூதி, சுவிஸ் மரவீடு இவற்றோடு ஒரு இந்துக் கோயிலும் இருக்கிறது. இந்தியாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. தான் விநியோகித்த படப் பத்திரிகைகளிலும் தபால் அட்டைகளிலும் பார்த்ததுதான். நம்மூர் வாசகர்களுக்கு எழுதும்போது இதையாவது சொல்லியிருக்கலாம் இல்லையா?

எனக்கு உண்மையில் ஆற்றாமை அந்தக் "கிறுக்கு" என்ற சொல்லில்தான். உயிரோடிருந்தபோது அவர் காதுபடவே சொன்னார்கள், சரி, ஊர் வாய். ஆனால் அவர் 1924இல் இறந்து நாற்பது வருஷம் கழித்தும் பிரெஞ்சுக் கலாசார அமைச்சக அதிகாரிகள் இது படு அசிங்கம், பாதுகாக்கத் தகுதியில்லை என்றே குறிப்பு எழுதினார்கள். ஓவியர் பிக்காஸோவும் சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெதோனும் எப்போதோ கொண்டாடிவிட்ட கட்டடம் இது! கடைசியில் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அந்த ஆட்சேபங்களை ஒதுக்கிவிட்டு 1969இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார். இன்று அது அந்த ஊர் நிர்வாகத்தின் சொத்து, நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். அரசே ஒதுக்கிவிட்ட அந்த ஏளனத்தை நாம் ஏன் திரும்பத் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

தன்னை அந்த அரண்மனைக்குள்ளேயே புதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், சட்டம் விடவில்லை. சளைக்கவில்லை மனிதர், எழுபது வயது தாண்டிய பிறகு ஊர் மயானத்தில் இன்னும் எட்டு வருஷம் உழைத்துத் தன் கல்லறையையும் தானே கட்டி முடித்தார். ஓத்ரீவ் போகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தத்தோடு போடுங்கள், முடிந்தால் அந்த மேற்குச் சுவரின் படத்தோடு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்