சுவர் முதலில், வீடு பிறகு: மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வெட்டுவதை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
குன்றுச்சரிவுக் குடியிருப்பு மக்கள்,
திருவட்டாறு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: பாறைக்குன்றுச் சரிவுகளில் வீடு கட்ட வெட்டப்படும் தற்காலிக வெட்டுகளைப் பாதுகாப்பாக வைக்க உத்தரவிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதி முழுக்கப் பாறைக்குன்றின் சரிவு. ரப்பர் நின்ற இடங்கள் மூன்று சென்ட், நாலு சென்ட் எனப் பிரிந்து மனைகளாகிவிட்டன. வீடு வைக்கச் சமதளம் வேண்டும், அதற்குச் சரிவை வெட்டத்தான் வேண்டும். வெட்டவே கூடாது என்று கேட்க நாங்கள் வரவில்லை. எங்கள் வீடுகளும் அப்படி வெட்டிய தட்டுகளில்தான் நிற்கின்றன. வெட்டிய நாளுக்கும் பின்னால் தடுப்புச் சுவர் எழும் நாளுக்கும் நடுவே போகும் காலத்தைப் பற்றித்தான் இந்த மனு.

இங்கே வழக்கம் இப்படி. ஹிட்டாச்சி எனும் மண் தோண்டும் இயந்திரம் வந்து ஓரிரு நாளில் பன்னிரண்டு, பதினைந்து அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போகும். அதுவும் அடியைத் தோண்டி, மேலே இருப்பது தானாக விழட்டும் என்று விடுவார்கள். பிறகு அஸ்திவாரம், சுவர், கான்கிரீட். கையிலிருக்கும் பணம் அதோடு சரி. தடுப்புச் சுவர் கடைசியில்தான் நினைவுக்கு வரும், சில வீடுகளில் வருவதே இல்லை. சில வாரங்களுக்கு என்று வெட்டியது ஆனி, ஆடி மழையையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் வெறும் முகத்தோடு தாங்கி நிற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல.

சென்ற ஐப்பசியில் எங்கள் பகுதியில் அப்படி நின்ற ஒரு வெட்டு இரவில் சரிந்தது. கட்டிக்கொண்டிருந்த வீட்டின் பின்சுவர் உடைந்தது. மேல்வீட்டு எல்லைச் சுவரான கய்யாலையும் சேர்ந்து இறங்கியது. பகலாக இருந்திருந்தால் கீழே கொத்தனாரும் கையாட்களும் நின்றிருப்பார்கள். ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறத்தாழ இரண்டு டன், பாறையானால் இரண்டரை டன்னுக்கு மேல். இடுப்பளவு புதைந்த ஆளையே வெறுங்கையால் இழுத்து மீட்பது மிகக் கடினம்.

“பாறைதானே, நிற்கும்” என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. முழுப்பாறை செங்குத்தாக நிற்கும், உண்மைதான். ஆனால் இங்குள்ள குன்றுகளில் கெட்டியான சார்னோக்கைட் பாறையும் உண்டு, அடுக்கடுக்காக உளுத்துக் களிமண்ணாகும் கோண்டலைட் பாறையும் உண்டு. மேலே செம்மண், அதற்குள் தனித்தனியாகப் புதைந்த உருண்டைப் பாறைகள், அதற்கும் கீழே விரிசல் ஓடிய பாறை என்று ஒரே வெட்டில் மூன்றும் இருக்கும். விரிசல் தளம் வெட்டின் பக்கமாகச் சாய்ந்திருந்தால், அடியைத் தோண்டிய உடனே மேலுள்ள பாளத்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது. விரிசலில் களிமண் நிறைந்து அதில் தண்ணீரும் இறங்கினால் மிச்சமிருக்கும் பிடியும் போகும். பக்கத்தில் பிரேக்கர் போட்டுப் பாறை உடைக்கும் அதிர்வு வேறு.

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் இருபது அடிக்கு உட்பட்ட வெட்டுகளுக்குச் சொல்லும் கணக்கு எங்களுக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது. உறுதியான பாறையைச் செங்குத்தாக விடலாம். உறுதியில்லாத பாறை காய்ந்திருந்தால் தரைமட்டத்திலிருந்து 45 டிகிரி சாய்வு. தண்ணீர் தாராளமாகக் கசிந்தாலோ, அடுக்குகள் குழியை நோக்கிக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சரிந்திருந்தாலோ 34 டிகிரிதான். அதாவது பன்னிரண்டு அடி உயர வெட்டுக்கு 45 டிகிரியில் பன்னிரண்டு அடி நிலமும், 34 டிகிரியில் பதினெட்டு அடி நிலமும் போகும். முப்பது அடி ஆழமுள்ள மூன்று சென்ட் மனையில் பதினெட்டு அடியை விட்டுக்கொடுத்தால் வீடு எங்கே வைப்பது? மக்கள் செங்குத்தாக வெட்டுவது அறியாமையால் மட்டுமல்ல, இடமில்லாததாலும்தான். ஆகவே சாய்வாக வெட்டுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் ஒன்றும் நடக்காது என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறோம்.

இடமில்லாத மனைக்கும் வழி இருக்கிறது. முழு அகலத்தையும் ஒரே மூச்சில் வெட்டாமல், பத்தடி வெட்டிப் பத்தடி விட்டு, வெட்டிய பகுதியில் சுவர் எழுப்பிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வெட்டு எப்போதும் மேலிருந்து கீழாக, படிப்படியாக வரவேண்டும். சுவரில் தண்ணீர் வடியத் துளைகளும் பின்பக்கம் ஜல்லி நிரப்பலும் இல்லாவிட்டால் அந்தச் சுவரே மழையில் சாய்ந்துவிடும். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும், அங்கே செங்கல் லாரி நிறுத்துவதும் கண்டிப்பாகத் தடுக்கப்பட வேண்டும். மேல்வீட்டு அடுக்களைத் தண்ணீரும், கக்கூஸ் உறிஞ்சுகுழியும், தோட்டத்து மழைக்குழிகளும் வெட்டுக்கு நேர் மேலே இருந்தால் கோடையிலும் கசிவுதான். இதில் அண்டைவீட்டார் சண்டையே அதிகம். கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் பாதிக்குமேல் தீரும்.

குழி தோண்டும் வேலையின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996-இல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த சட்டமோ பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடங்களை விட்டுவிட்டிருந்தது. எங்கள் சரிவில் ஒரு வீட்டு வேலைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வருவதில்லை. ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வரும் கிராமங்களுக்குத் தனி அனுமதி முறை உண்டு. பட்டியலில் இல்லாத குன்றுகளும் அதே மண், அதே பாறைதான்.

எனவே, சரிவான மனைகளில் ஐந்தடிக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால், கட்டிட வரைபடத்தோடு வெட்டின் குறுக்குத்தோற்றமும் தடுப்புச் சுவரின் வரைபடமும் கேட்டு வாங்குமாறு ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் உத்தரவிட வேண்டுகிறோம். சுவர் முடிந்ததைப் பொறியாளர் பார்த்த பிறகே அஸ்திவாரத்துக்கு மேல் வேலை தொடரலாம் என்று வைத்தால், பணம் முதலில் சுவருக்குப் போகும். பத்தடிக்கு மேல் போனால் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலர் ஒருவர் விரிசலின் சாய்வைப் பார்த்துச் சொல்ல வேண்டும். புதிய வெட்டுகளுக்குத் தை முதல் பங்குனி வரை மட்டும் அனுமதி கொடுங்கள். கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் 360 சதுர அடி வீடு கட்டும் ஏழைகளுக்குச் சுவர்ச் செலவு தனியாகக் கிடைக்க அரசுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம். அது இல்லாமல் மற்ற நிபந்தனைகளை மட்டும் போட்டால் அவர்கள் வீடே கட்ட முடியாது.

இப்போதே பாதியில் நிற்கும் வெட்டுகளுக்கு அவசரம் அதிகம். அவற்றை வருவாய்த் துறை கணக்கெடுத்து, மேல்விளிம்பில் தண்ணீரைத் திருப்பும் வாய்க்கால், தார்ப்பாய் மூடல், அடியில் மணல்மூட்டை ஆகியவற்றை ஐப்பசி பிறக்குமுன் செய்யவைக்க வேண்டும். மேலே நிலத்தில் புது வெடிப்பு கண்டால் வேலையை நிறுத்தி மாவட்ட அவசர உதவி எண் 1077-க்குச் சொல்லும்படி ஒரு பலகையும் வைக்கலாம். எங்கள் பகுதியில் உள்ள வெட்டுகளைக் காட்ட எந்த நாளும் உடன் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குன்றுச்சரிவுக் குடியிருப்பு மக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)