மிஷன் பள்ளிக்கு ஏன் என் வரிப்பணம்? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

"சமயச்சார்பற்ற நாட்டில் என் ஜிஎஸ்டி காசில் சர்ச் பள்ளிக்கூடம் எதற்கு? இந்துக்களுக்கு மட்டும் ஏன் ஒன்றுகூட இல்லை?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதியதைப் படித்தேன். பெரியம்மாக்கள் எல்லாரும் கைதட்டி முடித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் உன் மகளுக்குத் தொடக்கநிலை ஒன்று (முதல் வகுப்பு) பதிவு நெருங்குகிறது, கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கோபம் தப்பான இடத்தில் போய் நிற்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் காசு. மிஷன் பள்ளிகள் பலவும் அரசாங்க உதவிபெறும் பள்ளிகள். அங்கே ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சின் பொறுப்பு. பாடத்திட்டமும், தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வும் பக்கத்து அரசாங்கப் பள்ளியில் இருப்பவைதான். பைபிள் வகுப்பு இருந்தால் அது பாட நேரத்துக்கு வெளியே, பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளுக்கு. தன் சமயம் அல்லாத ஒன்றைக் கற்கவோ அதன் வழிபாட்டில் கலந்துகொள்ளவோ யாரையும் வற்புறுத்தக்கூடாது என்று நம் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவே சொல்கிறது. அதே பிரிவுதான் எந்தச் சமயத்தாரும் பள்ளி நடத்தலாம் என்றும் சொல்கிறது. ஆக, நீ கட்டும் வரி கணக்குக்கும் அறிவியலுக்கும்தான் போகிறது. கிறிஸ்துவர்கள் மட்டும் இதில் இல்லை. மகா போதி, மீ தோ ஆகியவை பௌத்தர்கள் தொடங்கியவை.

இன்னொன்றையும் நினைத்துப் பார். 1887இல் சோஃபியா பிளாக்மோர் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமிகளை வைத்து ஆரம்பித்த 'தமிழ்ப் பெண்கள் பள்ளி'தான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. நம் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க அன்றைக்கு அரசாங்கம் ஒன்றும் ஓடி வரவில்லை. மதம் மாற்றும் நோக்கமும் மிஷனரிகளுக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்துப் பள்ளி வேண்டும் என்கிறாய். அரசாங்கமே சமயம் கற்பித்துப் பார்த்த கதை உனக்குத் தெரியாதிருக்கலாம். 1984இல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமய அறிவு கட்டாயப் பாடமானது. பைபிள், இஸ்லாம், பௌத்தம், இந்து சமயம், சீக்கியம், சமயம் வேண்டாதவர்களுக்குக் கன்ஃபூசிய நெறி. நல்லொழுக்கம் வளரும் என்று நினைத்தார்கள். வளர்ந்தது சமயங்களுக்கு இடையிலான போட்டி பற்றிய கவலை. 1989இல் அதைக் கைவிடுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தலைவலியைத் திரும்ப வாங்க வேண்டுமா? என் கட்சி, வேண்டாம். தேவாரமும் திருப்புகழும் கோயில் வகுப்பில் கற்கட்டும்.

மதரசா பற்றி நம் மாமா குழுவில் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. "அவர்களுக்கு மட்டும் சலுகை"யாம். ஆறு முழுநேர மதரசாக்களும் தனியார் பள்ளிகள். எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டுக்கு 400 பிள்ளைகளுக்கு மேல் தொடக்கநிலை ஒன்றில் சேர்க்க முடியாது. பிஎஸ்எல்இயில் குறைந்தபட்சத் தரத்தை எட்டியாக வேண்டும். செலவைச் சமாளிப்பது கட்டணத்தாலும் நன்கொடையாலும், முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மசேநி (மத்திய சேம நிதி) வழியாக மாதாமாதம் பிடிக்கும் தொகையாலும்தான். அந்தப் பெற்றோரும் உன்னைப் போல ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள்தானே? 2014 முதல் அந்தப் பிள்ளைகளுக்கும் எடுசேவ் என்ற அரசாங்கக் கல்வி நிதி கிடைக்கிறது. 2015இல் கணிதம், அறிவியல் போன்ற பாடங்களை வலுப்படுத்த உதவுவதாக அரசாங்கம் அறிவித்தது. கணக்கு வாத்தியாருக்குப் பயிற்சி கொடுப்பது மதத்துக்குக் கொடுப்பது ஆகாது. என்னைக் கேட்டால் இது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதில்தான் தப்பு என்று கேட்பாய். வாசலில். தொடக்கநிலை ஒன்று பதிவு கட்டங்கட்டமாக நடக்கிறது, அதில் '2பி' கட்டத்தை எடுத்துக்கொள். பெற்றோர் தொண்டூழியர்கள், சமூகத் தலைவர்கள் ஆகியோரோடு, பள்ளியுடன் நேரடித் தொடர்புள்ள தேவாலயமோ சீனர் குலச் சங்கமோ பரிந்துரைக்கும் உறுப்பினரின் பிள்ளைக்கும் அதில் முன்னுரிமை உண்டு. எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் அதற்கு அடுத்த '2சி' கட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். 2022 பதிவிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் '2சி'க்குக் குறைந்தது 40 இடங்கள் ஒதுக்குகிறார்கள், '2பி'க்கு 20. நல்ல மாற்றம்தான். இருந்தாலும் அந்த 20இல் ஓர் இடம்கூட ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்க் கும்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஏன் கிடைக்க வேண்டும்? கட்டடச் செலவில் ஒரு பங்கைச் சபை திரட்டுகிறது என்பார்கள். உண்மைதான், அதற்கு நன்றி சொல்லலாம், பள்ளிக்குப் பெயர் வைத்துக்கொள்ளட்டும், நிர்வாகக் குழுவில் உட்காரட்டும். தினசரிச் செலவைப் பொதுப்பணம் ஏற்கும் பள்ளியில் பிள்ளையின் இடத்தை மட்டும் விட்டுவிடலாம். இந்துப் பள்ளி ஒன்று நாளைக்கே வந்து, கோயில் உறுப்பினருக்கு முதலிடம் என்றாலும் இதையேதான் சொல்வேன்.

அப்புறம், நம்மை உண்மையில் வெளியே நிறுத்துவது பல இடங்களில் சிலுவை இல்லை. மாரிஸ் ஸ்டெல்லாவும் செயின்ட் நிக்கலஸும் கத்தோலிக்கப் பள்ளிகள், கூடவே சீன மொழிக்கும் பண்பாட்டுக்கும் முக்கியத்துவம் தரும் 'சிறப்பு உதவித் திட்ட'ப் பள்ளிகள். அங்கே தாய்மொழிப் பாடம் என்றால் சீனம். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகும் தமிழ்க் குடும்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைத்தாலும், பிள்ளைக்குத் தமிழ் அங்கே கிடைக்காது. வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை, பார்த்தாயா?

உன் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போவதென்றால் இந்த இரண்டையும் கேள்: '2பி'யில் சமய உறுப்பியம் எதற்கு, பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் தமிழ் ஏன் இல்லை. எழுதிக் கொடுப்பதாக இருந்தால் எனக்கும் அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன். பாப்பாவுக்குப் பள்ளி பார்க்கும்போது தமிழ் வகுப்பு அந்தப் பள்ளியிலேயே நடக்கிறதா என்று முதலில் விசாரி.

அன்புடன்,
அக்கா