குழிவிரியன் கடிக்கு இப்போதுள்ள விஷமுறிவு மருந்து உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது நல்ல முடிவு. மலையோர மருத்துவமனைகள் அனுப்பும் பதிவில் இன்னும் இரண்டு விவரங்கள் இடம்பெற வேண்டும்: கடித்தது எந்தப் பாம்பு, விஷமுறிவு மருந்துக்குக் கேட்டதா இல்லையா.

நம் மருத்துவமனைகளில் உள்ள மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தித் தயாரிப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பி, ஏலக்காய், ரப்பர் தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும் கூன்மூக்குக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. பெரும்பாலும் ஒன்றரை அடிகூட வளராத இந்தப் பாம்பைச் சுருட்டை விரியன் என்று நினைத்து மருந்து ஏற்றியும் பலனில்லாமல் போனதை 2007-இல் வெளியான கேரள மருத்துவ ஆய்வே காட்டியது.

இரண்டையும் தலையை வைத்தே பிரிக்கலாம். குழிவிரியனுக்கு மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். உச்சந்தலையில் பெரிய செதில்கள். கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே ஒரு குழி. சுருட்டைக்குத் தலை முழுக்கப் பொடிச் செதில், குழி கிடையாது. பாம்பை அடித்து எடுத்துவர வேண்டாம். எட்ட நின்று கைப்பேசியில் எடுத்த ஒரு படம் போதும்.

விஷத்தால் இரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்கும் சோதனையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 2 மி.லி. இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தமும் உறையாமல் நின்றுவிடும். குழிவிரியன் கடியில் முதல் சோதனை சரியாக வந்தாலும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 24 மணி நேரமாவது வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கடித்தது எதுவென்று தெரியாமல் இரத்தமும் உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்தில் முதல் 10 குப்பிகளைக் கொடுக்கத்தான் வேண்டும். படத்தில் குழிவிரியன் என்று உறுதியானால் ஒரு குப்பிகூட வேண்டாம். பலன் இல்லாததோடு, ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்தக் கடியில் உயிரைக் காப்பது சிறுநீரகத்தைக் கவனிப்பதே. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனையை முதல் நாளிலிருந்தே தினமும் பார்க்க வேண்டும், சிறுநீரை அளந்து எழுத வேண்டும். நாளுக்கு 400 மி.லி.க்குக் கீழே போனால் டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடும் வழக்கம் இங்கே கேடு செய்யும்: சிறுநீரகத்தைத் தாக்கும், ஊசி போட்ட இடத்தில் இரத்தமும் கட்டும். பாராசிட்டமால் மாத்திரை போதும்.

இலங்கையில் அதிகம் கடிக்கும் விஷப்பாம்பு இதுதான். அங்கே இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தை இதற்குக் கொடுப்பதில்லை. நம் மலைகளில் எத்தனை கடி இந்தப் பாம்பினுடையது என்பது பதிவானால்தான் அதற்கான தனி மருந்தை அரசிடம் கேட்க முடியும்.

இப்படிக்கு,
மலைப்பகுதி மருத்துவப் பணியாளர்கள்,
வால்பாறை