சிம்புக் குச்சியை விட்டுவிடாதே

அன்பு நண்பா,

பறையடியை வைத்து ஜாஸ் உருப்படி எழுதுகிறாய் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் நீ அனுப்பிய நோட்டேஷனில் வலக்கை மட்டும்தான் இருக்கிறது. பூவரசு அடிக்குச்சியின் கனத்த அடி சட்டென்று காதில் விழும், எழுதிவிடலாம். இடக்கையில் மூங்கில் சிம்புக் குச்சி இடையிடையே போடும் சில்லடிதான் ஆளை ஆட வைப்பது. அது போனால் மிச்சம் வெறும் ஆறெண்ணிக்கை சிக்ஸ் எயிட் தாளம். எந்த ஊர்த் தாளமாகவும் இருக்கலாம்.

இரு கைக்கும் தனித்தனி வரி போடு. பறை வாசிக்கும் ஆசானுக்குக் காதில் கிளிக் (தாளம் எண்ணும் ஒலி) கொடுக்காதே. முதலில் அடியை வாயால் சொல்லட்டும், அடுத்து மெதுவாக வாசிக்கட்டும், கடைசியில் ஆடிக்கொண்டே வழக்கமான வேகத்தில். மூன்றையும் பதிவு செய். சிம்படி பல இடங்களில் டிரிப்ளெட்டுக்கும் (ஒரு தட்டை மூன்றாகப் பிரிப்பது) நேர்க் கணக்குக்கும் (இரண்டாகப் பிரிப்பது) நடுவில் விழும். கணினியில் குவாண்டைஸ் செய்தால், அதாவது அடிகளைச் சமக் கட்டத்துக்குள் இழுத்து வைத்தால், ஆட்டம் செத்தது.

டிரம்ஸ்காரர் ரைடில் (பெரிய உலோகத் தட்டில்) ஜாஸின் ஸ்விங் நடையைப் பிடித்தால் சிம்பு கேட்காது; இரண்டும் மெல்லிய, கூர்மையான ஒலி, விழும் இடமும் ஏறக்குறைய ஒன்று. ரைடை எடுத்துவிட்டு, குச்சிக்குப் பதில் பிரஷ் கொடு, காலால் மிதிக்கும் ஹை-ஹாட் தட்டோடு நிற்கட்டும். பேஸ் கிட்டார் அடிக்குச்சியோடு போகட்டும். சாக்ஸ் தனியாவர்த்தனத்தில் கார்டுகளை (chords, சேர்ந்தொலிக்கும் சுரங்களை) குறை, இரண்டு போதும்.

தோல்தான் பெரிய தொல்லை. தீயில் காய்ச்சிய பறை ஏசி அறையில் மெல்லத் தொய்ந்து சுருதி இறங்கும். அதனால் பேஸைப் பறைச் சுருதிக்குச் சேர்க்காதே. எட்டு நிமிட உருப்படியை ஒரே டேக்கில் பிடிக்கவும் பார்க்காதே. பகுதி பகுதியாக எடு, இடையில் காய்ச்ச வெளியே இடம் கேட்டு வை. (ஸ்டுடியோக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.) ஃபைபர் தோல் அவ்வளவாகத் தொய்யாது, ஆனால் அதன் ரீங்காரம் சிம்பை மூடிவிடும். முன்னால் ஒரு சாண் தள்ளி ஒரு மைக், முதுகுப் பக்கம் ஒன்று. பின்மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் போடு, இல்லாவிட்டால் கீழ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும்.

சாவு அடி, கல்யாண அடி, சாமி அடி என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. நீ எடுத்தது எது என்று ஆசானிடமே கேட்டு, அடியின் பெயரையும் அவர் பெயரையும் நோட்டேஷன் தலையில் எழுது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்த பிறகும், பறை வாசித்தவரை ‘பெர்கஷன்’ என்று போட்டு முடிப்பது அசிங்கம். ராயல்டியில் பங்கையும் பதிவுக்கு முன்பே எழுதிக்கொள்.

இடக்கை வரி சேர்த்ததும் மறுபடி அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி