மாசில் வீணையும் பேத்தியின் விரல்களும்

அன்புள்ள சேக்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பேத்தி பள்ளிக்கூட விழாவுக்கு அப்பர் பாடிய 'மாசில் வீணையும் மாலை மதியமும்' மனப்பாடம் பண்ணினாள். நாமும் சின்ன வயதிலிருந்து சொல்லுகிறோமே, எழுத்தை எண்ணிப் பார்த்ததுண்டா? அவள் விரல்விட்டு எண்ணினாள். புள்ளி எழுத்தைத் தள்ளிவிட்டால் 11. 'வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்' அதுவும் 11. நாலடியும் அப்படியே. அடுத்த பாட்டு, 'நமச்சி வாயவே ஞானமும் கல்வியும்', அதில் 12 வந்தது. "தாத்தா, அப்பர் தப்பு பண்ணிட்டார்!" என்றாள். இந்தப் பாட்டு வகைக்குத் திருக்குறுந்தொகை என்று பேர், அதன் கணக்கே அதுதான் என்றேன்: 'மா' போல ஒற்றையாக நிற்கும் நேரசையில் தொடங்கும் அடிக்கு 11, 'நம' போல இரண்டெழுத்து சேரும் நிரையசையில் தொடங்கினால் 12.

எதுகை சொல்லவே வேண்டாம். மாசில், வீசு, மூசு, ஈசன். மோனைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மாசில், மாலை, மதியம். வீசு, வீங்கிள, வேனில். ஈசன், எந்தை, இணையடி. மூன்றாம் அடியில் மட்டும் மூசுவுக்கு மோனை இல்லை. கடைசியில் 'பொய்கையும் போன்றதே' என்று சமாளிக்கிறது. எனக்கென்னவோ அந்த இடம் கொஞ்சம் தளர்வாகத்தான் படுகிறது. நீ சண்டைக்கு வருவாய், தெரியும்.

அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தபோது பாடியது என்பார்கள். அதை நினைத்துக்கொண்டு அந்த 'உம்'களைப் படி. வீணையும், மதியமும், தென்றலும், வேனிலும், பொய்கையும் என்று ஐந்து குளிர்ச்சி வரிசையாக வருகிறது. 'போன்றதே' என்று முடித்த பிறகும் எது போன்றது என்று சொல்லவில்லை. பாட்டின் கடைசிச் சொல்லில்தான் வருகிறது, ஈசனுடைய இணையடி நீழல். நிழல் என்று போட்டிருந்தாலும் எண்ணிக்கை 11தான். ஆனால் வேனிலும், போன்றதே என்று வந்த ஓசை அங்கே இடறும். சொல்லிப் பார்.

இரண்டாம் பாட்டில் ஒவ்வோர் அடியும் 'நமச்சிவாயவே' என்றே தொடங்குகிறது. அதனால் எதுகை தேடும் வேலையே இல்லை. அடிக்கு அடி மிச்சமுள்ள ஆறெழுத்தில் ஞானம், கல்வி, நன்னெறி எல்லாம் அடங்கிவிடுகிறது. பேத்திக்கு இதுதான் சீக்கிரம் மனப்பாடமானது.

விழா வெள்ளிக்கிழமை. முடிந்தால் வா. வரும்போது என் யாப்பிலக்கணப் புத்தகம், யாப்பருங்கலக் காரிகையை மறக்காமல் கொண்டு வா. வாங்கிப்போய் நாலு வருஷமாகிறது.

உன் பழைய பெஞ்சுக்காரன்