பெட்டி கழண்டா பிரேக் விழும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல ரயில் கோச்சி ஒண்டு ரெண்டாப் பிரிஞ்ச செய்தி பாத்தன், "சங்கிலி அறுந்து பெட்டிகள் பிரேக் இல்லாம ஓடின" எண்டு போட்டிருந்தீங்க, அதை வாசிச்சதில இருந்து என்ட மனுசி இனிக் கோச்சில ஏறமாட்டன் எண்டு நிக்கிறா, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

ஐயா, பெட்டியளைச் சேத்துப் பிடிக்கிற கப்ளிங் சங்கிலி இல்ல. அப்பா ரயில் யார்ட்ல ஷன்டிங் வேலை, அதான் பெட்டியளைக் கழட்டிக் கொழுவிற வேலை, செஞ்சவர், சின்னனில என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினவர். ஒராள் பஃபருக்கு, அதான் பெட்டி முனையில ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிக்கிற முட்டுத்தாங்கிக்கு, கீழால குனிஞ்சு ரெண்டு பெட்டிக்கும் நடுவில போகோணும், ஒரு பெட்டியில தொங்கிற இரும்பு வளையத்தைத் தூக்கி மற்றதிட கொழுக்கில மாட்டி, நடுவில இருக்கிற ஸ்குரூவைப் பஃபர் எல்லாம் முட்டும் வரைக்கும் சுத்திச் சுத்தி இறுக்கோணும். இழுவையைக் கொழுக்கி தாங்கும், தள்ளுறதைப் பஃபர் தாங்கும். சரியா இறுக்காட்டி எஞ்சின் எடுக்கேக்க உங்கட டீ மடியிலதான். பழைய சாமான் கோச்சி எண்டா சங்கிலி எண்டு சொல்லலாம், மூண்டு வளையத்தைச் சும்மா கொழுவி விடுவாங்கள், எடுக்கேக்க கடைசிப் பெட்டி மட்டும் டக டக டக எண்டு சத்தம் போகும், எனக்கு அது இன்னும் காதுக்குள்ள இருக்கு.

பிரேக் கதைதான் பெரிய பிழை. கொழுக்கி விட்டா பெட்டிக்குப் பெட்டி போற பிரேக் குழாயிட ஹோஸும் பிஞ்சிடும், வக்யூம் பிரேக்கில குழாய்க்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்து வச்சிருக்கிறதாலதான் பிரேக் பிடிக்காம இருக்குது, ஹோஸ் பிஞ்சு காத்து உள்ள போனா ரெண்டு துண்டிலயும் தானாப் பிரேக் விழும். முந்தி இப்பிடி இல்லத்தான். 1889 ஜூன் 12 அயர்லாந்தில ஆர்மா பக்கம், சண்டே ஸ்கூல் பிள்ளைகள் போன கோச்சி ஏத்தத்தில நிண்டிட்டுது, பாதியக் கழட்டிட்டுப் போகப் பாத்தாங்கள், கழட்டின பெட்டிகள்ல தானா விழுற பிரேக் இல்ல, பின்னுக்கு உருண்டு போய் அடுத்து வந்த கோச்சியோட அடிச்சு 80 பேர் அளவில போச்சு. அந்த வருசமே அங்க பயணிகள் கோச்சிக்குத் தானா விழுற பிரேக் கட்டாயம் எண்டு சட்டம் வந்திட்டுது.

மனுசிக்கும் இதைத்தான் சொன்னன், கழண்டதுக்குப் பயப்பிடாத, கழராம இருக்கேக்கதான் பாக்கோணும் எண்டு. காலமை பாணந்துறைப் பக்கமிருந்து வாற ஒபிஸ் கோச்சில சனம் கூடினா பெடியள் பஃபர்ல காலை வச்சிட்டு நிக்கிறாங்கள், வளைவில திரும்பேக்க ஒரு பக்கத்துப் பஃபர் உள்ள அமுங்கும் மற்றப் பக்கம் விலகும், அதுக்குள்ள செருப்புக் கால் போனா என்ன மிஞ்சும்? நிண்ட கோச்சிதானே எண்டு கப்ளிங்குக்கு மேலால ஏறி மற்றப் பக்கம் பாயிற ஆக்களும் இருக்கினம், எஞ்சின் எடுக்கப் போகுது எண்டு அவையளுக்கு ஆர் சொல்லுறது. இதையும் ஒருக்காப் படத்தோட போடுங்கோ ஐயா.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்